இரண்டாவது தடக்

ஜூலை 5, வெள்ளி

டயர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. பாதி வருஷம் வீணாகிவிட்டது. முன்பக்கங்களில் என் மனைவி முனீஸ்வரி மளிகைச் சாமான் எழுதிக் கிழித்திருக்கிறாள். மீதியையாவது நான் எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன். மதியம் ஒன்றேகாலிலிருந்து இரண்டு ஐம்பது வரை எங்கள் பஸ்ஸுக்கு ஓய்வு. டிரைவர் மரியதாஸ் அண்ணாச்சி பின்சீட்டில் துண்டை விரித்துப் படுத்தால் அடுத்த நிமிஷம் குறட்டை வரும். எனக்குப் பகல் தூக்கம் ஒட்டாது.

என்னைப் பற்றி: கனகவேல், வயது நாற்பத்தொன்று, பி.எஸ்ஸி இயற்பியல், இரண்டாம் வகுப்பு. வேலை, தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கோவில்பட்டிக்கும் சித்தனேந்தலுக்கும் போய்ப் போய் வருவது. ரூட்டில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. 'பி.எஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிதான். ஆனால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

இன்று காலை சித்தனேந்தலிலிருந்து திரும்பும்போது ஒரு வகுப்பே நடந்துவிட்டது. தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, போகிற ஐந்து பெண்கள் தினமும் இந்த டிரிப்பில் வருவார்கள். அதில் பாக்கியத்தாய் வாயாடி. "யண்ணே, ஓடுற பஸ்ஸுக்குள்ள எம்பிக் குதிச்சா, அதுக்குள்ள பஸ்ஸு முன்னால போயிருமே. நாம பின்சீட்டுலலா போயி விழணும்?" என்று கேட்டாள். பையை இடுப்போடு பிடித்துக்கொண்டு நடுப்பாதையில் நின்று ஒரு குதி குதித்தேன். நின்ற இடத்திலேயே இறங்கினேன். பஸ்ஸே சிரித்தது. அப்புறம் ஒரு ரூபாய்க் காசை மேலே சுண்டி அதே கையில் பிடித்துக் காட்டினேன். பஸ்ஸுக்குள் இருக்கிற எல்லாவற்றுக்கும் பஸ்ஸின் வேகம் சொந்தம், நீ தரையை விட்டாலும் அது உன்னை விடாது என்றேன். ஆட்டமில்லாத ரோட்டில் ஒரே சீராகப் போனால், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது என்றும் சொன்னேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஜெயக்கொடி மட்டும் ஆட்டவில்லை. அவள் அதிகம் பேசாதவள். "அப்போ எறங்கும்போது மட்டும் ஏன்ணே விழுதோம்?" என்றாள். கல்லூரியில் மூன்று வருஷத்தில் எங்கள் வகுப்பில் ஒருவனும் இப்படிக் கேட்டதில்லை. தரை தொட்டதும் கால் நின்றுவிடுகிறது, உடம்பு நிற்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் என்றேன். அவள் யோசித்து, "அதான் ஓடச் சொன்னீகளா," என்றாள். அதற்குத்தான்.

இதை விளக்க வேண்டும். ஆபீஸ் வாசலில் எங்களுக்கு ஸ்டாப் கிடையாது. ஸ்டாப் இருப்பது ஒன்றேகால் கிலோமீட்டர் தாண்டி, கிளை ரோடு பிரிகிற விலக்கில். அங்கே இறங்கித் திரும்ப நடந்து வருவதற்குள் எட்டரைக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அரை நாள் கூலி போச்சு. நாங்களும் வாசலில் நிறுத்த முடியாது, பின்னாலேயே அடுத்த கம்பெனி வண்டி எங்கள் ஆட்களைப் பிடிக்க வருகிறது. ஆனால் வாசலுக்கு நேரே ஒரு வேகத்தடை உண்டு. அதில் எப்படிப்பட்ட வண்டியும் நடக்கிற வேகத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். முன்சக்கரம் ஏறி இறங்கினால் ஒரு தடக். அப்போது படிக்கு வா. பின்சக்கரத்துக்கு இரண்டாவது தடக். அப்போது இறங்கு. முகம் பஸ் போகிற பக்கம், முதலில் இடது கால், பிறகு மூன்று எட்டு ஓட்டம். இரண்டு வருஷமாக இதுதான் முறை. நான் சொல்லிக்கொடுத்தது. ஜெயக்கொடி முதலில் இறங்குவாள், அவளைப் பார்த்து மற்ற நாலு பேரும். இதுவரை ஒருத்திக்கும் சிராய்ப்புகூட இல்லை.

ஜூலை 6, சனி

கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. புதன்கிழமை அமைச்சர் வருகிறாராம், ரோட்டை எல்லாம் நோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு டிரிப்பும் ஐந்து நிமிஷம் தாமதம்.

ஜூலை 8, திங்கள். காலை 6.55, சித்தனேந்தல்

அபூர்வமாகக் காலையில் எழுதுகிறேன். காரணம் என் சட்டை. முதல் டிரிப்பில் கோவில்பட்டியில் வாங்குகிற டீயை எப்போதும் ஆபீஸ் தாண்டுவதற்குள் குடித்துவிடுவேன். பாதியில் அந்தத் தடை வந்தால் சட்டையில் டீ நிச்சயம். இன்று பேச்சில் மறந்துவிட்டேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எட்டிப் பார்த்தால் தடையே இல்லை. நேற்று ராத்திரியோடு ராத்திரியாக வழித்துத் தார் போட்டுவிட்டார்கள். அமைச்சர் கார் குலுங்கக் கூடாதல்லவா. ரோடு பட்டுப் புடவை மாதிரி இருக்கிறது.

அண்ணாச்சி கேட்டார்: "ஏம்ப்பா, திரும்பும்போது பிள்ளைகள எப்படி எறக்குறது?" பழைய வேகத்துக்குக் குறையுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜூலை 8, மதியம்

காலை 8.17 மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் அருகே பஸ் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கையில் ஜெயக்கொடி குதித்தாள். விழுந்துவிட்டாள். தலையில் அடி. வலது கை முழங்கையில் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. 108 வந்தது. முதலில் கோவில்பட்டி, அங்கிருந்து திருநெல்வேலி பெரியாஸ்பத்திரி.

போலீஸ் வந்து ரோட்டில் வெள்ளை பெயிண்டால் வட்டம் போட்டார்கள். அண்ணாச்சியின் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பஸ் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

எங்கள் பஸ் கம்பெனி மேனேஜர் ராமசுப்பு தன் அறைக்கு வரச் சொன்னார். ஃபேனுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவை.

"கனகவேலு, நீ படிச்சவன். சுருக்கமாச் சொல்லுதேன். அவ தானா குதிச்சான்னு ஆயிட்டா கேசு நிக்காது. வண்டி வெளிய வந்துரும், மரியதாசுக்கும் லேசாப் போயிரும், உனக்கும் ஒண்ணுமில்ல. கம்பெனியால முடிஞ்சத அந்தப் பிள்ளைக்கு நாம பின்னால செய்வோம்."

வாக்குமூலத்தை அவரே எழுதி வைத்திருந்தார். 'பேருந்து ஓடிக்கொண்டிருக்கையில், நடத்துநர் எச்சரித்தும் பயணி தானாகவே குதித்து' என்று இருந்தது. எனக்கு அந்த வாக்கியம் நொண்டுவதாகப் பட்டது. 'நடத்துநரின் எச்சரிக்கையையும் மீறி' என்று நான்தான் திருத்திக்கொடுத்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். மாலையில் ஸ்டேஷனிலும் அதையே சொன்னேன். எஸ்.ஐ. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

அவளுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

ஜூலை 10, புதன்

அமைச்சர் வந்து போனார். நாலு நிமிஷத்தில் ரோட்டைக் கடந்தாராம்.

ஜூலை 11, வியாழன்

கம்பெனி வேறு வண்டி கொடுத்தது. அண்ணாச்சிக்குப் பதில் மாற்று டிரைவர். பெண்கள் நாலு பேரும் ஏறினார்கள். ஒருத்தியும் பேசவில்லை. ஆபீஸ் வாசல் வந்தபோது நானாகவே விசில் அடித்து வண்டியை முழுசாக நிறுத்தினேன். யாரும் எழுந்திருக்கவில்லை. விலக்கில் இறங்கி, வந்த வழியே திரும்ப நடந்தார்கள். பஸ் கிளம்பிய பிறகும் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாக்கியத்தாய் ஒரு தடவை நின்று எங்கள் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்குப் படியில் ஜெயக்கொடிக்கு அடுத்து நின்றது பாக்கியத்தாய்தான்.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன். ஜெயக்கொடி வழக்கம்போல உடனே குதிக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி திரும்பி என்னைப் பார்த்தாள். எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 12, வெள்ளி

நினைவு வரவில்லை. ஸ்கேன் பார்த்திருக்கிறார்கள், தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதாம். கையில் பிளேட் வைக்க வேண்டுமாம். தீப்பெட்டி ஆபீஸில் வலது கை இல்லாமல் என்ன வேலை செய்வாள்? அவளுக்கு ஒரு பெண் குழந்தை, நாலாம் வகுப்பு. புருஷன் திருப்பூர் போனவன் போனவன்தான்.

முனீஸ்வரி கேட்டாள்: "ஏங்க, மூணு நாளா தட்டுல பாதி சோறு அப்படியே கெடக்கு. அந்தப் பிள்ள தானாத்தான குதிச்சா? நீங்க ஏன் இப்படி இருக்கீங்க?" வெயில் என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

ரேஷனில் பாமாயில் வந்திருக்கிறது என்று முனீஸ்வரி பையைக் கொடுத்தாள். பையோடு பஸ் ஏறி, விலக்கில் இறங்கித் தீப்பெட்டி ஆபீஸ் வாசலுக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஆள் நடமாட்டம் இல்லை. போலீஸ் போட்ட பெயிண்ட் வட்டங்கள் அப்படியே இருக்கின்றன. ஒன்று, அவள் செருப்பு தாரில் இழுத்த தடம் தொடங்குகிற இடம். இன்னொன்று, அவள் கையிலிருந்த தூக்குச்சட்டி முதலில் விழுந்த இடம். புதுத் தார் என்பதால் விளிம்பு பதிந்து பிறைமாதிரி ஒரு பள்ளம்.

இரண்டுக்கும் நடுவே பாதம் வைத்து அளந்தேன். என் ஷூ இருபத்தேழு சென்டிமீட்டர். பதினோரு பாதம். மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி பள்ளிக்கூடக் கணக்கு. செருப்பு இழுபட்ட அதே கணத்தில்தான் சட்டி கையை விட்டிருக்கும். இடுப்பு உயரத்தில், அதாவது ஒரு மீட்டர் உயரத்தில், கையை விட்டு நழுவின சட்டி தரைக்கு வர 0.45 விநாடி ஆகும். கீழே விழுகிற நேரம் முழுக்க அது பஸ்ஸின் வேகத்தோடு முன்னாலும் போகும். மூன்று மீட்டரை 0.45 ஆல் வகுத்தால் விநாடிக்கு ஆறரை மீட்டருக்கு மேல். மணிக்கு இருபத்து நாலு கிலோமீட்டர்.

நாங்கள் வழக்கமாக இறக்குகிற வேகம் பத்துதான் இருக்கும். பத்தில் இறங்கினால் மூன்று எட்டு ஓடி நின்றுவிடலாம். இருபத்து நாலில் ஓட்டப்பந்தய வீரன் வேண்டும், அதுவும் சேலை கட்டாதவன். விழுகிற அடி, வேகத்தை வேகத்தால் பெருக்கின கணக்கில் ஏறும். பத்துக்கும் இருபத்து நாலுக்கும் கிட்டத்தட்ட ஆறு மடங்கு.

எங்கேயாவது தப்பு இருக்குமா என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு தப்பு இருக்கிறது. அவள் தடுமாறும்போது கை தாழ்ந்திருக்கும், சட்டி ஒரு மீட்டருக்கும் கீழிருந்து விழுந்திருக்கும். அப்படியானால் நேரம் குறையும், வேகம் இன்னும் கூடும்.

ஏன் எனக்கு அது தெரியவில்லை என்பதும் புரிந்துவிட்டது. பஸ்ஸில் வேகமானி முள் செத்து ரெண்டு வருஷம். இத்தனை நாளும் எங்களுக்கு வேகம் சொன்னது அந்தத் தடைதான். அதை எடுத்துவிட்டுப் பட்டு மாதிரி ரோடு போட்டதும், இருபத்து நாலு எனக்குப் பத்தாகத் தெரிந்திருக்கிறது. ஆட்டமில்லாத ரோட்டில் ஓட்டம் தெரியாது என்று வெள்ளிக்கிழமை வகுப்பெடுத்தவன் நான்தான்.

படியில் நின்று என்னைப் பார்த்தவள் ஏதோ கேட்டாள். இன்ஜின் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

பாமாயில் தீர்ந்துவிட்டது. முனீஸ்வரியிடம் வசை.

ஜூலை 15, திங்கள்

கண் விழித்துவிட்டாள். நேற்று சாயங்காலம் தண்ணீர் கேட்டிருக்கிறாள். பாக்கியத்தாய் மற்றவர்களிடம் சொன்னது காதில் விழுந்தது. டிக்கெட் மெஷினைப் பிடித்துக்கொண்டு பின்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தபடி நின்றேன். கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு ஸ்டாப் தாண்டியதும் பயம் வந்துவிட்டது. இனி அவள் பேசுவாள்.

ஜூலை 16, செவ்வாய்

மரியதாஸ் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைக்கு வேலை இல்லை. நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, அன்னிக்கு வேகம் எவ்வளவு இருந்திருக்கும்?"

"தெரியலப்பா. கொறைச்சேன். கொறைச்சது போதுமான்னு தெரியல. அந்த மேடு இருந்தா பிரேக்குல காலு தானாப் போவும். இல்லாதப்போ எதை வெச்சுப் பாக்க?" கீரையைத் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னார்: "நீ ஒத்த விசில் அடிப்பேன்னு எதிர்பாத்தேன். அடிச்சிருந்தா நிப்பாட்டியிருப்பேன்."

விசில் என் வாயில்தான் இருந்தது. நாலு நிமிஷம் தாமதம், பின்னால் அடுத்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நின்றால் இன்னொரு அரை நிமிஷம் போகும்.

"நான் வேற மாதிரி எழுதிக்கொடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்?" என்றேன். அவர் இன்னொரு கொத்துக் கீரையை எடுத்தார். "ஸ்டியரிங் எங் கையிலதான இருந்துச்சு. எனக்குள்ளத நான் பாத்துக்கிடுதேன். நீ உனக்குள்ளதப் பாரு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூலை 17, புதன்

மேனேஜர் இரண்டு கிலோ ஆப்பிள் வாங்கிக் கொடுத்து என்னைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். நாளை மறுநாள் எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் விசாரிக்கப்போகிறாராம். "அவ என்ன சொல்லப்போறான்னு பக்குவமாக் கேட்டுட்டு வா," என்றார்.

தலை முழுக்கக் கட்டு. வலது கை மாவுக்கட்டில் தொங்குகிறது. முகம் சின்னதாகிவிட்டது. கட்டிலுக்குக் கீழே அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து மகளை வைய ஆரம்பித்துவிட்டாள். "ஓடுற பஸ்ஸுல குதிக்கிற அளவுக்குத் திமிரு. பெத்த பிள்ளைய நெனைச்சியா? ஊரே கேக்குது. தீப்பெட்டி ஆபீசுலயும் சொல்லிட்டாக, அவளாக் குதிச்சதுக்கு நாங்க என்ன செய்யன்னு. சாரு, நீங்க வேண்டாம்னுலா சொன்னீகளாம், கேட்டாளா?"

என் வாக்குமூலம் எனக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. ஜெயக்கொடி அம்மாவை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"யண்ணே, நான் எந்தக் கால முதல்ல வெச்சேன்?"

ஆப்பிள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

"எடது காலத்தான் வெச்சேன்னு தோணுது. ஆனா அப்படி வெச்சிருந்தா விழுந்திருக்க மாட்டேன்லா? ரெண்டு வருசமா விழலயே. வலது கால வெச்சிட்டேன் போல. இல்ல, மொகத்த எங்கிட்டோ திருப்பிட்டேன். படுத்துக்கிட்டு அதையேதான் யோசிக்கேன், பிடிபட மாட்டேங்கு. நீங்க பாத்துக்கிட்டுதான நின்னீக?"

"கவனிக்கலம்மா," என்றேன்.

"போலீசு கேட்டா எந் தப்புதான்னு சொல்லிருதேன். நீங்க ஒண்ணும் வெசனப்படாதீக. சொல்லிக்குடுத்தவுகளுக்குக் கெட்ட பேரு வரக்கூடாது."

ஆப்பிளை வைத்துவிட்டு வந்தேன். மேனேஜருக்கு போன் செய்து, அவள் தன் தப்பு என்றுதான் சொல்வாள் என்றேன். "நல்லதாப் போச்சு," என்றார். போனை வைத்த பிறகு பஸ் ஸ்டாண்ட் குழாயில் முகம் கழுவினேன். என்னைப் போல ஒரு அயோக்கியன் இந்த ஜில்லாவில் இருக்க மாட்டான்.

ஜூலை 18, வியாழன்

காலை டிரிப்பில் பாக்கியத்தாய் தானாக என் பக்கத்தில் வந்து நின்றாள். பத்து நாளுக்குப் பிறகு இதுதான் முதல் பேச்சு.

"ஆஸ்பத்திரிக்குப் போனீகளாமே."

"ம்."

"நாளைக்கு போலீசு போறாகளாம்."

"ம்."

டிக்கெட்டை வாங்கி நாலாக மடித்துத் தாலிக்கயிற்றில் சொருகிக்கொண்டாள். "நான் அவளுக்குப் பின்னாலதான் நின்னேன். எனக்குக் காது நல்லாக் கேக்கும்ணே. நான் யார்ட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்க சொல்வீகன்னுதான் தெனமும் இதே பஸ்ஸுல ஏறிப் பாத்துக்கிட்டிருக்கேன்."

விலக்கில் இறங்கிப் போனாள். அவர்கள் திரும்ப நடக்கும்போது எனக்குப் பின்கண்ணாடி வழியாகப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஜூலை 19, வெள்ளி. காலை

லீவு சொல்லிவிட்டேன். முனீஸ்வரி கடைக்குப் போயிருக்கிறாள். எட்டாம் தேதி மதியம் எழுதிய பக்கத்தை எடுத்துப் படித்தேன். அவள் குதித்ததாக எழுதியிருக்கும் வரியில் நேரம் மட்டும்தான் உண்மை. மீதியை இப்போது எழுதுகிறேன்.

8.17. தடை இருந்த இடத்தை பஸ் தாண்டியது. தடக் வரவில்லை. ஐந்து பெண்களும் அசையாமல் நின்றார்கள், ஏனென்றால் தடக் வந்தால்தான் இறங்க வேண்டும் என்று நான் பழக்கியிருந்தேன். அடுத்த வண்டி ஹாரன் அடித்தது. ஜெயக்கொடி படிக்கு இறங்கி, கம்பியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேகமாப் போவுதேண்ணே," என்றாள்.

எனக்கு நன்றாகக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

அவளிடம் வேகமானி இல்லை, பி.எஸ்ஸி இல்லை. படியில் நின்றதால் தரை ஓடுவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே நின்ற எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதாவது ஒப்புக்கொள்ளக்கூடிய தப்பு. ஆனால் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்காரி என்னிடம் வேகத்தைப் பற்றிச் சொல்வதா என்று ஒரு கணம் எனக்குச் சுள்ளென்று வந்தது. அதுதான் நடந்தது.

"அதே வேகந்தான். நான் சொல்லுதேன்லா, எறங்கு," என்றேன்.

இறங்கினாள்.

முனீஸ்வரி வந்ததும் இதைப் படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். டைரியை மூடி என் கையில் கொடுத்து, "சாப்பிட்டுப் போறீங்களா, வந்து சாப்பிடுறீங்களா?" என்றாள். வந்து சாப்பிடுகிறேன் என்றேன்.

அதே நாள், மதியம் 2.10

ஸ்டேஷனில் எஸ்.ஐ. திருநெல்வேலிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முந்தைய வாக்குமூலம் பொய் என்றேன். "யோவ், வெளையாடுறியா? இப்ப மாத்திச் சொன்னா உம் மேலயே கேசு வரும், தெரியும்லா?" என்றார். தெரியும் என்றேன். டைரியின் எட்டாம் தேதிக் காலைப் பக்கத்தைக் காட்டினேன். தடை எடுத்தது 6.55க்கே எனக்குத் தெரியும் என்பதற்கு டீ சிந்தாத சட்டை சாட்சி. பிறகு பதினோரு பாதக் கணக்கைக் காட்டினேன். அவருக்குக் கணக்கு புரியவில்லை. ஆனால் பேனாவை எடுத்தார். இந்தத் தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வெளியே வந்தபோது மேனேஜரிடமிருந்து ஆறு தவறிய அழைப்புகள். ஏழாவதை எடுத்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார், வேறு சிலவும் சொன்னார். அண்ணாச்சிக்கு நானே போன் செய்து சொன்னேன். "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

திருநெல்வேலி போனேன். ஆப்பிள் வாங்கவில்லை. விசிலைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன், ஆனாலும் வழி முழுக்கக் கை அங்கேயே போனது.

போலீஸ் வெள்ளிக்கிழமையே வந்து போயிருக்கிறார்கள். ஆனால் அவளிடம் கேள்விதான் கேட்டார்களே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொன்னபடியே, என் தப்புதான் என்று சொல்லிவிட்டாள். அம்மா வார்டுக் கடைசியில் குழாயடியில் இருந்தாள். நான் உட்காரவில்லை.

"எடது காலுதான் வெச்ச," என்றேன்.

அவள் கண் என் மேல் நின்றது.

"மொகம் முன்னாலதான் பாத்துச்சு. ரெண்டு எட்டு ஓடவும் செஞ்ச. மூணாவது எட்டுக்கு யாராலயும் ஓட முடியாது. பஸ் அவ்வளவு வேகம். நீ கேட்ட, வேகமாப் போவுதேன்னு. நீ சொன்னது சரி. நான்தான் அதே வேகந்தான்னு சொன்னேன். எறங்குன்னும் சொன்னேன். போலீசுல எழுதிக்கொடுத்துட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். போர்வைக்குள் அவள் இடது பாதம் மட்டும் ஒரு தடவை அசைந்ததைப் பார்த்தேன்.

"புதன்கெழம நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்லா," என்றாள். "நாலு நாளு என்னைய நானே வைதுக்கிட்டுக் கெடந்தேன்."

மன்னிப்புக் கேட்க வந்தவன் அந்த வார்த்தையை எடுக்க முடியாமல் நின்றேன். அவள் என்னை விட்டுக் கண்ணை எடுத்துக் குழாயடிப் பக்கம் திருப்பினாள். தலைக்கட்டோடு கழுத்தை நிமிர்த்தி, வார்டுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"யம்மா, இங்கன வா. இவுக சொல்றதக் கேளு. நான் சரியாத்தான் எறங்கியிருக்கேன்."

அவள் அம்மா தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து நின்றாள். நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.